எந்தக் காலனி? ஒரு சொல்லும் அது நிற்கும் நிலமும்

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஷேர் ஆட்டோவில் ஏறி, 'காலனிக்குப் போக வேண்டும்' என்று சொன்னால், 'எந்தக் காலனி?' என்ற கேள்வி உடனே வரும். சென்னையில் காலனிகளுக்குக் குறைவில்லை. மயிலாப்பூர்ப் பக்கம் சி.ஐ.டி. காலனி, கோடம்பாக்கத்தில் யுனைடெட் இந்தியா காலனி, அம்பத்தூரை ஒட்டி ஐ.சி.எஃப். காலனி, இவை தவிர எங்கு திரும்பினாலும் ஒரு பேங்க் காலனி, ஓர் எல்.ஐ.சி. காலனி. முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதியின் இல்லங்களுள் ஒன்று சி.ஐ.டி. காலனியில்தான் இருந்தது. அந்த முகவரியைக் கேட்டு எவரும் முகம் சுளித்ததில்லை.

ஆனால், பூந்தமல்லியிலிருந்து நகரத்தின் ஓசை குறையும் திசையில் சில கிலோமீட்டர் சென்று ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால், முன்னொட்டு எதுவும் இல்லாத 'காலனி'க்கு ஒரே பொருள்தான். அங்கே ஊர் என்று ஒன்று உண்டு. காலனி என்று ஒன்று உண்டு. 'நீ ஊரா, காலனியா?' என்பது முகவரியைக் கேட்கும் கேள்வி அன்று; சாதியைக் கேட்கும் கேள்வி. எங்களிடம் ஒரு சான்றொப்பத்துக்காக வந்த கல்லூரி மாணவி ஒருவர், வேலைக்கான விண்ணப்பத்தில் தம் முகவரியை எழுதும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுத் தெருவின் பெயரோடு நிறுத்திக்கொண்டார். 'தபால் வராமல் போகாதா?' என்று கேட்டோம். 'தபால் வராவிட்டால் பரவாயில்லை' என்றார்.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும், தீண்டாமையின் குறியீடாகவும், வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. அதற்கு முந்தைய ஆண்டு, 2024 ஜூனில், கேரள அரசும் தன் ஆவணங்களிலிருந்து இதே சொல்லை அகற்ற ஆணையிட்டிருந்தது. இந்த முடிவை நாம் வரவேற்கிறோம். அதே நேரத்தில், ஒரு சொல்லை நீக்கும்போது அதனோடு சேர்ந்து எது நீங்குகிறது, எது நீங்காமல் நிற்கிறது என்று கேட்பது நம் கடமை. அதற்கு முதலில் அச்சொல் கடந்து வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

உழவனிலிருந்து குடியேற்றம் வரை

இலத்தீன் மொழியில் நிலத்தை உழுது பண்படுத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து 'கொலோனஸ்' என்ற சொல் பிறந்தது. அதற்கு உழவன் என்று பொருள். உரோமர்கள், தாம் வென்ற நாடுகளில் தம் குடிமக்களை நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்களைக் 'கொலோனியா' என்றனர். ஜெர்மனியின் கோலோன் நகரத்தின் பெயர் அவ்வாறு வந்ததே. உரோமப் பேரரசின் பிற்காலத்தில் அதே 'கொலோனஸ்' என்ற சொல், நிலவுடைமையாளனின் நிலத்தை விட்டு விலக முடியாத குத்தகை உழவனைக் குறிக்கலாயிற்று. தப்பி ஓட எண்ணும் அத்தகைய உழவர்களை விலங்கிட்டு வைக்கலாம் என்று கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் மன்னன் சட்டமே இயற்றினான். நம் பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆங்கிலத்துக்கு வந்த பின் அச்சொல் பல திசைகளில் கிளைத்தது. எறும்புக் கூட்டமும் காலனி. ஆய்வகத் தட்டில் வளரும் நுண்ணுயிர்த் திரளும் காலனி. தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த இடமும், நாடு கடத்தப்பட்ட கைதிகளை அடைத்த அந்தமானும் அப்பெயரையே பெற்றன. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் சென்னைக் கடற்கரையோரம் உருவான சோழமண்டலத்தைக் கலைஞர்களின் காலனி என்று பெருமையோடு சொல்கிறோம். இத்தனை பொருள்களுக்கும் பொதுவான கரு ஒன்றுதான்: ஒரே வகையினர் என்று கருதப்படுவோர் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்தல். அவர்கள் தாமே சேர்ந்தனரா, பிறரால் சேர்த்து வைக்கப்பட்டனரா என்பதை அச்சொல் சொல்வதில்லை. அதன் நன்மையும் தீமையும் அந்த மௌனத்தில் இருக்கின்றன.

ஆட்சியியலில் காலனி என்றால் ஆதிக்க நாட்டுக்கு அடிமைப்பட்ட நாடு. இலங்கை 1802-இல் பிரித்தானிய முடியின் காலனி ஆயிற்று. இந்தியாவும் காலனியாக இருந்தது என்று படித்திருக்கிறோம். வரலாற்றுப் பொருளில் அது உண்மை. ஆனால் 1889-ஆம் ஆண்டின் பிரித்தானியப் பொருள்கோள் சட்டத்தில் 'காலனி'க்குத் தரப்பட்ட வரையறை, பிரித்தானியத் தீவுகளையும் பிரித்தானிய இந்தியாவையும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. அடிமைப்பட்ட நாட்டைச் சட்டம் அப்பெயரால் அழைக்கவில்லை. பெயர் இல்லாததால் அடிமைத்தனம் இல்லாமலும் போகவில்லை. சொல்லை நீக்கினால் நிலை நீங்கிவிடும் என்று எண்ணுவோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

சேரி, பிறகு காலனி

இந்த ஆங்கிலச் சொல் தமிழ்நாட்டில் இழிசொல் ஆனது எப்படி? அதற்கு முன் வேறொரு சொல்லுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் விளங்கும்.

'சேரி' என்பது ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி எதற்கும் பொதுப்பெயர். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர்களின் சதுர்வேதிமங்கலமான அவ்வூரைப் பன்னிரண்டு சேரிகளாகக் காட்டுகிறது. வேளச்சேரி என்றும் புதுச்சேரி என்றும் சொல்லும்போது எவருக்கும் இன்று இழிவு தோன்றுவதில்லை. ஆயினும், முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவை ஊர்நத்தத்திலிருந்து பிரித்து எழுதப்பட்டுள்ளன. குடியிருப்புப் பிரிந்தே இருந்தது. காலப்போக்கில் பிராமணர் வாழ்ந்த சேரிகள் அக்கிரகாரமும் மாடவீதியும் ஆயின. தலித் மக்களின் சேரி மட்டும் சேரியாகவே நின்றது. சொல்லின் இழிவு, அதனோடு எஞ்சியவர்கள் மீது சமூகம் சுமத்திய இழிவே.

இருபதாம் நூற்றாண்டில் அரசு தலித் மக்களுக்கு வீட்டுமனைகளை ஒதுக்கத் தொடங்கியபோது, அந்தப் புதிய குடியிருப்புகளுக்குச் 'சேரி' என்ற பழைய பெயரை இடாமல் 'காலனி' என்றது. கேட்பதற்கு நாகரிகமான, சாதி மணம் இல்லாத ஆங்கிலச் சொல். அதன் முன் 'ஹரிஜன்' சேர்ந்தது. பிறகு 'ஆதிதிராவிடர்' சேர்ந்தது. அதுவும் சுருங்கி 'ஏ.டி. காலனி' ஆயிற்று. அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகளை மக்கள் 'காலனி வீடு' என்றே அழைத்தனர். இரண்டு தலைமுறை கழிவதற்குள் முன்னொட்டுகள் உதிர்ந்தன. 'காலனி' என்ற தனிச்சொல்லே சாதியைச் சுமக்கலாயிற்று. நாளை 'நகர்' என்று மாற்றினாலும், ஊர் ஒருபுறமும் நகர் ஒருபுறமுமாக நிற்கும் வரை 'நகர்க்காரன்' என்பதும் வசையாவதற்கு நெடுங்காலம் ஆகாது.

பெயருக்குக் கீழே இருக்கும் மனை

காலனியின் கதை அடிப்படையில் மனையின் கதை. பூந்தமல்லி அன்று அடங்கியிருந்த செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் அது எழுத்தில் பதிவாகத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். உழைக்கும் மக்கள் குடியிருக்கும் மனை மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். எதிர்த்துப் பேசினால் குடிசை போகும் என்ற அச்சமே அவர்களைக் கட்டிப்போட்டது. அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பிறந்த அரசாணையின் வழி வழங்கப்பட்டவையே பின்னர் பஞ்சமி நிலங்கள் என்று அறியப்பட்டன. 1920-களில் தொழிலாளர் ஆணையர் துறை வீட்டுமனைகளைக் கையகப்படுத்தி அளிக்கும் பணியில் இறங்கியது. விடுதலைக்குப் பின், 1974-இல் தாட்கோ நிறுவப்பட்டது. மனைக்கான நிலத்தை விரைந்து பெறுவதற்கென்றே 1978-இல் தமிழ்நாடு ஹரிஜன நலத்திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆகவே, காலனி என்பது இரு முகம் கொண்டது. சொந்த மனை என்ற உரிமை முதன்முறையாகக் கைக்கு வந்த இடமும் அதுவே. ஊருக்கு வெளியே இருத்தல் என்ற பழைய ஒழுங்கை அரசின் கையொப்பத்தோடு புதுப்பித்த இடமும் அதுவே. அம்பேத்கர் தனிக் குடியிருப்புகளைக் கோரியது வேறு பொருளில். 1942-இல் நாக்பூரில் கூடிய மாநாடும், 1947-இல் அவர் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய கோரிக்கையும் முன்வைத்தவை, சாதி இந்துக்களின் கிராமத்தைச் சார்ந்திராத, விளைநிலத்தோடு கூடிய தனி ஊர்கள். நமக்குக் கிடைத்ததோ விளைநிலமின்றி, ஊரின் தயவை நம்பி, அதன் ஓரத்திலேயே ஒட்டிய மனைகள். 1997-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சமத்துவபுரத் திட்டம், நூறு வீடுகளில் நாற்பதைத் தலித் மக்களுக்கும் மீதியைப் பிற சாதியினருக்கும் ஒதுக்கி இந்தப் பிரிவினையை உடைக்க முயன்றது. அதன் எண்ணிக்கை, காலனிகளின் எண்ணிக்கைக்கு முன் மிகச் சிறிது.

சட்டம் ஒரு சொல்லை எப்படி வாசிக்கிறது?

'காலனி ஆங்கிலச் சொல்தானே, இதில் என்ன இழிவு?' என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு நீதிமன்றம் முன்பே விடை தந்துவிட்டது. 2008-இல் சுவரண் சிங் வழக்கில், ஒரு சாதிப்பெயரை உச்சரித்தது குற்றமா என்ற கேள்வி எழுந்தபோது, சொல்லின் வேர்ப்பொருளை அன்று, வழக்கில் அது பெற்றுள்ள பொருளையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில் 2011-இல் அதே நெறி மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அகராதி ஒரு சொல்லைக் காப்பாற்றாது. அதைச் சொன்னவரின் நோக்கமும், கேட்டவர்களின் புரிதலுமே அதன் பொருளைத் தீர்மானிக்கின்றன.

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இங்கே நுணுக்கமான ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தில் இரு தனிப் பிரிவுகள் உள்ளன. பிரிவு 3(1)(எஸ்) சாதிப்பெயரைச் சொல்லி வசைபாடுவதைத் தண்டிக்கிறது. பிரிவு 3(1)(ஆர்) இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையோ அச்சுறுத்துவதையோ தண்டிக்கிறது. அதற்குச் சாதிப்பெயர் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'காலனிக்காரன்' என்பது சாதிப்பெயர் அன்று என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆகவே, அத்தகைய வழக்குகளில் 3(1)(ஆர்) பிரிவையும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கக் கோர வேண்டும்.

இரு பிரிவுகளுக்கும் பொதுவான தேவை, அச்செயல் பொதுமக்களின் பார்வை படும் இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது. நான்கு சுவருக்குள், பிறர் எவரும் இல்லாதபோது பேசியது இதில் அடங்காது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அவமதிப்பு, சாதியின் காரணமாகவே நிகழ்ந்தது என்பதையும் காட்ட வேண்டும். 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்ற ஒற்றை வரி போதாது என்பதை 2023-இன் ரமேஷ் சந்திர வைஷ்யா வழக்கும் உணர்த்துகிறது. எனவே, புகாரில் சொன்ன சொற்களைச் சொன்னபடியே எழுத வேண்டும். எங்கே, யார் முன்னிலையில் என்பதையும் குறிக்க வேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்ட காவல் அலுவலர், கையொப்பம் வாங்குவதற்கு முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. 18ஏ பிரிவின்படி, வழக்குப் பதிவுக்கு முன் முதனிலை விசாரணை தேவையில்லை. அலுவலர் கூச்சப்பட்டோ வேண்டுமென்றோ சொல்லை மழுப்பி எழுதினால், அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மழுங்கிய சொல்லே பின்னர் விடுதலைக்கு வழியாகிறது.

புதிய பெயர் எதைக் காக்கும்?

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அவற்றின் பெயர்கள் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர். தீ வைத்தவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்து அண்ணா நகரை விட்டுவிடவில்லை. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூர் ஏ.டி. காலனியில் தனியார் ஒருவரின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து வீடுகளின் மீது விழுந்து 17 பேர் இறந்தனர். அங்கே கொன்றது சொல் அன்று. ஓட்டு வீடுகளை ஒட்டி எழும்பிய சுவர்.

பூந்தமல்லியைச் சுற்றியும் இப்போது சுவர்கள் எழுகின்றன. மெட்ரோ வழித்தடமும் புறவழிச்சாலைகளும் நில விலையை ஏற்றிவிட்டன. நேற்று வரை ஊருக்கு வெளியே என்று ஒதுக்கப்பட்ட மனைகள் இன்று சாலையோர மனைகள். பக்கத்து வயல்கள் மனைப்பிரிவுகளாகி, 'அவென்யூ' என்றும் 'என்கிளேவ்' என்றும் பெயர் பெறுகின்றன. காலனியிலிருந்து சாலைக்குச் செல்லும் நடைபாதை, சுடுகாட்டுப் பாதை, ஓடைக்கரை ஆகியவை அம்மனைப்பிரிவுகளின் வரைபடத்துக்குள் மறைந்துபோகின்றன.

அப்போது மக்கள் எங்களிடம் கொண்டுவரும் காகிதங்கள் பெரும்பாலும் ஒரே வகை: மடிப்பில் கிழிந்த ஒரு வீட்டுமனைப் பட்டா, வீட்டுவரி ரசீதுகள், மின்கட்டண அட்டை. பட்டா கொடுத்துப் பல பத்தாண்டுகள் கழிந்தும் அ-பதிவேட்டில் பழைய நிலவுடைமையாளரின் பெயரே நிற்பதைக் காண்கிறோம். உட்பிரிவு செய்யப்படவில்லை, புல வரைபடத்தில் மனைகள் இல்லை. பழைய உடைமையாளரின் வாரிசுகள் அந்நிலத்தை விற்றுவிட்டதாகப் பத்திரத்தோடு ஒருவர் வந்து நிற்கும்போதுதான் இது தெரியவருகிறது. அந்த நிலையில் நீதிமன்றத்தில் நமக்குக் கைகொடுப்பது எது? 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வெளியான அறிவிக்கை, 'அவார்டு' எனப்படும் தீர்வாணை, பயனாளிகள் பட்டியல். அவை அனைத்திலும் அந்த இடத்தின் பெயர் 'ஹரிஜன் காலனி' அல்லது 'ஆதிதிராவிடர் காலனி' என்றே இருக்கும்.

இங்கேதான் பெயர்மாற்றத்தில் கவனம் தேவைப்படுகிறது. நாம் வெறுக்கும் அதே சொல், நம் மனைக்கான சான்றும் ஆகும். 2025 அக்டோபரில் அரசு வெளியிட்ட ஆணையைத் தொடர்ந்து தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்கள் மாற்றப்படும்போது, பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் இடையிலான தொடர்பு எழுத்தில் இல்லாவிட்டால், 'இந்தத் தீர்வாணையில் சொல்லப்படும் இடம் இதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வியை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுப்புவார். 2024-இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதி எந்தக் குடியிருப்புக்கு உரியது என்பதிலும் குழப்பம் நேரலாம்.

இதைச் சொல்வது பழைய பெயரைக் காப்பதற்காக அன்று. பலகையிலும் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அச்சொல் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது. ஆனால் பெயர்மாற்றம் நிகழும் ஒவ்வோர் இடத்திலும் நான்கு செயல்களை உடன் கோர வேண்டும்.

ஒன்று, புதிய பெயரை அங்கு வாழும் மக்களே கூடித் தேர்ந்து, தீர்மானமாக எழுத வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார்; எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922-இல் சென்னை சட்டமன்றம் 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. ஒருவர் வசைச்சொல்லையே கொடியாக்கினார். மற்றவர் அதை மாற்றினார். இருவரும் பெயரிடும் உரிமையைத் தம் கையில் எடுத்தவர்கள்.

இரண்டு, பழைய பெயர், புதிய பெயர், புல எண், தீர்வாணை எண் ஆகியவற்றை இணைத்துக் காட்டும் பட்டியல் ஒன்றை வட்டாட்சியர் அலுவலகமும் உள்ளாட்சியும் பராமரிக்க வேண்டும்.

மூன்று, பெயர் மாறும் அன்றே அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் குடியிருப்போரின் பெயர் ஏற வேண்டும். புல வரைபடத்தில் உட்பிரிவு வேண்டும்.

நான்கு, பாதையும் சுடுகாடும் நீர்நிலையும் பொதுவெனப் பதிவாக வேண்டும். அவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின் கீழ்க் குற்றம். ஒதுக்கப்பட்ட மனையைக் கவர்வது 3(1)(எஃப்), 3(1)(ஜி) பிரிவுகளின் கீழ்க் குற்றம்.

இவற்றுக்கான முதல் அடியைக் கல்லூரி மாணவர்களே எடுத்துவைக்கலாம். தம் குடியிருப்பின் நில எடுப்புத் தீர்வாணை, பயனாளிகள் பட்டியல், புல வரைபடம் ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். பலகையில் வண்ணம் மாறும் முன் அந்த நகல்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

முகவரியில் ஒரு சொல்லை விட்டுவிட்டு எழுதிய அந்த மாணவி, இனி முழு முகவரியையும் எழுதும் நாள் வரட்டும். அந்த முகவரியில் உள்ள மனை அவர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறதா என்பதையும் அன்றே சரிபார்த்துவிடுவோம்.